அறுபத்தொரு திருத்தங்கள்

மனைவி இயற்றிய பாட்டு ஒரு பிழைகூட இல்லாமல்தான் இந்த வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிவப்பு மைக்காரர் சபதம் செய்தார். வாய்விட்டுச் செய்யவில்லை. இருபத்திரண்டு ஆண்டு இல்லறம் அவருக்குக் கற்றுக்கொடுத்த ராஜதந்திரம் அது ஒன்றுதான்: சபதத்தை மனத்துக்குள் செய்துகொண்டால், தோற்றது வெளியே தெரியாது.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவருடைய வேலை. சிவப்பு மைக்காரர் என்பது அங்கே வைத்த பட்டப்பெயர். வேலை நேரம் முடிந்தாலும் மை காயாது. மருந்துப் புட்டியின் சீட்டைத் திருத்துவார். சோப்பு உறையைத் திருத்துவார். முடி திருத்தும் கடையின் பெயர்ப்பலகையைத் திருத்திவிட்டு, முடி திருத்தாமலே திரும்பி வந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. பொருள் புரிந்தால் கண் ஏமாறும் என்பது அவருடைய தொழில் வேதம். ஆகவே எதையும் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லை நோக்கித் தலைகீழாகவே படிப்பார். அப்படிப் படித்தால் கண்ணீர்க் காவியமும் பல்பொடி விளம்பரமும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன் மனைவி எழுதிய முதல் கடிதத்தையும் அப்படித்தான் படித்தார். மூன்று பிழைகளைத் திருத்தி, ஓரத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரே வரியில் பதில் வந்தது: “நான்கு இருந்தன.”

அந்த வரியிலேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வரியில் பிழை இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மனைவி பகலில் பள்ளிக்கூடத்தில் வடிவியல் கற்பிப்பவள். மாலையில் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து, நாலு குரலில் பாடும் சேர்ந்திசைக் குழு ஒன்றை நடத்துகிறாள். இதுவரை அந்தக் குழு மற்றவர்கள் பாட்டையே பாடிவந்தது. இப்போது முதன்முறையாக அவளுடைய சொந்தப் பாட்டு. மூன்று ஆண்டு உழைப்பு. வருகிற சனிக்கிழமை மாலை, புதிய நூலகத் திறப்பு விழாவில் அரங்கேற்றம். மூன்று ஆண்டாக அவள் பருப்பைக் கிளறிக்கொண்டே முனகியதும், பல் துலக்கிக்கொண்டே தாளம் போட்டதும் இதற்காகத்தான்.

“இங்க பாருங்க, ரெண்டு தாள் வச்சிருக்கேன். ஒண்ணு பாட்டு. இன்னொண்ணு பாடுறவங்க பட்டியல். எழுத்துப் பிழை மட்டும் பாருங்க.”

“பார்த்துடலாம்.”

“எழுத்துப் பிழை மட்டும்.”

“காதுல விழுந்துச்சு.”

“சுரத்துல கை வைக்கக் கூடாது.”

“எனக்கு எதுக்கும்மா அந்த வம்பு?”

“இல்லை, போன மாசம் நூலகத்துலேர்ந்து இசைப் பாடப் புத்தகம் ஒண்ணு வீட்டுக்கு வந்திருக்கு. உப்பு ஜாடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. அதான் கேட்டேன்.”

“அது சும்மா, பொது அறிவுக்கு.”

“பொது அறிவு எத்தனாவது பாடம் வரைக்கும் போயிருக்கு?”

“ஆறு முடிஞ்சுது.”

“ஆறா,” என்றாள் மனைவி. “சரி.” அந்தச் ‘சரி’யைச் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் போனபின் மேசை மேல் எழுத்தை அழிக்கும் வெள்ளை மைப் புட்டி ஒன்று, மூடி தளர்த்தி வைத்தபடி இருந்தது. யார் வைத்தது என்று அவர் யோசிக்கவில்லை.

ஆறாம் பாடம் அற்புதமான பாடம். மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் அது ஒரு கூட்டு. ஸ, க, ப சேர்ந்தால் ஒரு கூட்டு. ம, த, ஸ சேர்ந்தால் இன்னொரு கூட்டு. ப, நி, ரி மற்றொன்று. ஒரு நேரத்தில் ஒரு கூட்டுதான் ஆட்சியில் இருக்கும். ஆகா, எவ்வளவு ஒழுங்கு! இலக்கணப் புத்தகம்கூட இவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. ஏழாம் பாடத்தை அவர் புரட்டவில்லை. ஆறிலேயே உலகம் சரியாக இருந்தது.

மனைவியின் தாளில் ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் மேலே கூட்டின் பெயர் எழுதியிருந்தது. கீழே நாலு வரியில் நாலு குரலுக்கான சுரங்கள். அவர் வழக்கம்போல் கடைசியிலிருந்து தொடங்கினார். தொடங்கியவர் திடுக்கிட்டார்.

பாட்டின் கடைசிப் பகுதியில் ஆண்களின் கீழ்க்குரல் வரிசைக்குப் பதினாறு தாளக்கட்டு முழுக்க ஒரே ப. மேலே கூட்டு ஸ-க-ப ஆகிறது, ம-த-ஸ ஆகிறது, ரி-ம-த ஆகிறது. கீழே இவர்கள் பாட்டுக்கு ப, ப, ப என்று குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுதும்போது பாவம், தூங்கிவிட்டிருப்பாள். அவர் அவர்களை எழுப்பினார். ஒன்பது இடத்தில் ப-வை அழித்து, அந்தந்தக் கூட்டில் உள்ள சுரத்தைப் போட்டார்.

முன்னால் போகப் போகப் பிழை மலிந்தது. ஸ-க-ப ஆளும் இடத்தில் ரி நுழைந்திருந்தது. இன்னோரிடத்தில் கூட்டு மாறியபிறகும் ம எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. வெள்ளை மையைப் பூசினார், மனைவியின் கையெழுத்திலேயே சரியான சுரத்தை எழுதினார். மொத்தம் அறுபத்தொன்று. மூன்று ஆண்டு உழைத்தும் அறுபத்தொரு பிழை. அவளிடம் சொன்னால் மனம் ஒடிந்துபோவாள். சொல்லாமலே காப்பாற்றுவதுதான் புருஷ லட்சணம் என்று பட்டது.

பட்டியல் பரவாயில்லை. நாற்பது பேரில் ஒரே ஒரு குறை: கடைசிப் பெயரின் முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி இல்லை. வைத்தார். இரண்டு தாளிலும் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை காலை அச்சக மேலாளரிடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அச்சாகி, கட்டுக் கட்டி, குழு ஒத்திகை பார்க்கும் கூடத்து அலமாரிக்குப் போயிற்று. அலமாரிச் சாவி மனைவியின் சாவிக்கொத்தில். சனிக்கிழமை மேடைக்குப் போகும்போதுதான் கட்டைப் பிரிப்பதாக ஏற்பாடு. அதுவரை வாய்ப்பாடமாக ஒத்திகை.

புதன்கிழமை அச்சகத்து லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தது மைத்துனன். மனைவிக்குத் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், குழுவில் கீழ்க்குரல்.

“மாமா, அக்கா பாட்டு அச்சாயிடுச்சாமே,” என்றான், லிஃப்டின் அடிப்பலகைக்குள் தலையை விட்டபடி.

“சும்மா ஆகலை மச்சான். சுத்தமா ஆச்சு.”

“அப்படின்னா?”

“உங்க அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. கூட்டுல சேராத சுரமா அறுபத்தொண்ணு கிடந்துச்சு. ஒண்ணு விடாம களையெடுத்துட்டேன்.”

ஸ்பேனர் சத்தம் நின்றது. தலை வெளியே வந்தது.

“ஒரு உதாரணம் சொல்லுங்க மாமா.”

“முதல் வரியையே எடுத்துக்கோ. கூட்டு ஸ-க-ப. உங்க அக்கா ஸ-ரி-க-ன்னு எழுதியிருக்கா. ரி-க்கு அங்க என்ன வேலை?”

“நீங்க தரைத் தளத்துலேர்ந்து ரெண்டாவது மாடிக்குப் போறீங்க. நடுவுல எது வரும்?”

“முதல் மாடி.”

“அங்க உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?”

“இல்லை.”

“அதுக்காக முதல் மாடியை இடிச்சுடுவீங்களா?”

சிவப்பு மைக்காரர் அடுத்த பிழைக்குத் தாவினார்.

“சரி, அதை விடு. ஒரு இடத்துல கூட்டு மாறிடுச்சு, ம மட்டும் மாறாம நின்னுட்டு, அப்புறம் ஆடி அசைஞ்சு க-வுக்கு வருது. அது சோம்பேறித்தனம்தானே?”

“லிஃப்ட் கதவு திறந்தாச்சு. எல்லாரும் இறங்கியாச்சு. ஒருத்தர் மட்டும் பேச்சு சுவாரசியத்துல உள்ளேயே நிக்கிறார். அவர் எப்போ இறங்குவார்னு எல்லாரும் அவரையே பார்ப்பாங்க இல்லை? இறங்கினதும் ஒரு நிம்மதி வரும் பாருங்க, அந்த நிம்மதிக்காகத்தான் அக்கா அதை எழுதினதே.”

“கூட்டு மாறுறதுக்கு முன்னாடியே அடுத்த கூட்டோட சுரத்தைப் பாடுறது?”

“கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறவர்.”

“அது நான்தான்.”

“தெரியும் மாமா.”

“ஒரு சுரம் பக்கத்து சுரத்தை எட்டிப் பார்த்துட்டுத் திரும்பி வருதே?”

“வேற மாடியில கதவு திறந்தா, தலையை நீட்டிப் பார்த்துட்டு உள்ள இழுத்துக்கிறோம் இல்லை? அதான். அயல் சுரம்னு பேரு மாமா. உள்ளூர்க்காரனாவே இருந்தா பாட்டு எப்படி நகரும்?”

“இதெல்லாம் எங்கப்பா போட்டிருக்கு?”

“ஏழாவது பாடத்துல.”

அன்று மதிய இடைவேளையில் சிவப்பு மைக்காரர் ஏழாம் பாடத்தைப் படித்தார். பல ஆண்டுகளில் முதன்முறையாக, முன்னாலிருந்து பின்னால், பொருள் புரியும்படி. ஒரு வாக்கியம் அவரைக் குத்திற்று: வந்த வழியும் போகும் வழியும் தெரிந்தால் அது அயல் சுரம், இரண்டும் தெரியாவிட்டால்தான் பிழை. அவர் களையெடுத்தது களையை அல்ல. மூன்று ஆண்டுப் பயிர் முழுவதையும் அறுத்து, வரப்பை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தார். சனிக்கிழமை மாலை ஊரே கூடியிருக்கும் மேடையில் மனைவி கட்டைப் பிரிப்பாள். பிரித்ததும் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்ததும், சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தார்.

மேலாளரிடம் ஓடினார்.

“நான் கொடுத்த பாட்டுத் தாள் எங்க?”

“அச்சானதும் பழைய தாளெல்லாம் கழிச்சுட்டோமே,” என்றார் மேலாளர், மின்விசிறியைப் பார்த்தபடி.

மூலமும் போயிற்று. எந்தச் சுரத்தை எங்கே கொன்றோம் என்பதும் நினைவில் இல்லை. எண்ணிக்கை மட்டும் நினைவிருந்தது. அறுபத்தொன்று. ஆனால் பாட்டு உயிரோடு ஓரிடத்தில் இருந்தது: பாடுகிறவர்கள் வாயில். அவர்கள் மனைவியிடம் கேட்டுக் கேட்டுப் படித்தவர்கள். ஒத்திகையில் உட்கார்ந்து காதால் கேட்டு, தான் அழித்ததையெல்லாம் ஒன்றொன்றாகக் குறித்துக்கொண்டு, அலமாரியைத் திறந்து, நாற்பது பிரதியிலும் கையாலேயே திருத்திவிடலாம். நல்ல திட்டம். ஒரே ஒரு சிக்கல். ‘பாடாதவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம்’ என்பது மனைவியின் சட்டம். பதினைந்து ஆண்டாக அவள் கூப்பிட்டும், “நான் திருத்துற சாதி, பாடுற சாதி இல்லை,” என்று கதவுக்கு அந்தப் பக்கமே வீறாப்பாக நின்றவர் அவர்.

மாலையில், காபியை உறிஞ்சியபடி மெல்ல ஆரம்பித்தார்.

“நானும் ஒத்திகைக்கு வரலாமான்னு பார்க்கிறேன்.”

“வாசல்ல உட்கார நாற்காலி இல்லையே.”

“வாசல்ல இல்லை. உள்ள. பாட.”

மனைவி பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. “உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“குடும்பம்னா ஒரு ஒத்துழைப்பு வேணாமா?”

“வேணும்தான். கீழ்க்குரல்ல ஒருத்தர் வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டார். இப்போ முப்பத்தொன்பது பேர்தான். ஒரே ஒரு சுரம்தான் உங்களுக்கு. ப.”

“ஒண்ணுதானா?”

“கடைசிப் பகுதியில, பதினாறு தாளக்கட்டு. யார் எங்க போனாலும் நீங்க ப-வை விட்டு நகரக் கூடாது. மூச்சு வேணும்னா தம்பி ப-வைப் பிடிச்சுப்பான், நீங்க வாங்கிக்கலாம்.”

தான் எழுப்பிவிட்ட அதே குறட்டை. சிவப்பு மைக்காரர் விதியை நொந்தபடி தலையாட்டினார்.

கூடத்தில் மைத்துனன் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் கையடக்க நோட்டு, அரை விரல் பென்சில். மற்றவர்கள் பாடப் பாட, ஏழாம் பாடத்தின் உதவியோடு குறித்தார். முதல் வரியில் ரி: முதல் மாடி. மூன்றாம் வரியில் ம: இறங்காதவர். ஐந்தாம் வரியில் மேல்குரல் பெண்கள்: மூக்கு நீட்டி. அன்று ஒரே மாலையில் இருபத்திரண்டு கிடைத்தது.

பிறகு கடைசிப் பகுதி வந்தது. அவர் ப-வைப் பிடித்தார். முதல் கூட்டு ஸ-க-ப. சொந்த வீட்டில் இருப்பதுபோல் சுகமாக இருந்தது. அடுத்து மேலே எல்லாரும் ம-த-ஸ-வுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவருடைய ப அந்த ம-வோடும் த-வோடும் உரசியது. சட்டைக்குள் எறும்பு புகுந்ததுபோல் இருந்தது. இத்தனை ஆண்டுத் தொழில் அவரை ‘திருத்து, திருத்து’ என்று பிடித்து உலுக்கியது. வாய் ம-வை நோக்கி வழுக்கத் தொடங்கியது. எதிரே மனைவியின் ஆள்காட்டி விரல் உயர்ந்து, அவரை அங்கேயே ஆணியடித்து நிறுத்தியது. நின்றார். கூட்டு இன்னும் விலகிப் போனது, ரி-ம-த-வுக்கு. நின்றார். வியர்த்தது. பிறகு நாலு குரலும் சுற்றியலைந்துவிட்டுத் திரும்ப ஸ-க-ப-வுக்கு வந்து சேர்ந்தபோது, உடம்பில் அத்தனை எறும்பும் ஒரே நொடியில் இறங்கிப்போயின. அவர் ஓர் அங்குலம் நகரவில்லை. நகராமலேயே சரியாகிவிட்டார். கல்யாணமானபிறகு இது முதல் தடவை.

“எப்படி மாமா?” என்றான் மைத்துனன்.

“பரவாயில்லை,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நாற்பத்தெட்டு ஆயிற்று. வெள்ளிக்கிழமை அறுபது. அத்தோடு நின்றுவிட்டது. அறுபத்தொன்றாவதைக் காணோம். பாட்டை மூன்று முறை காதால் சல்லடை போட்டுச் சலித்தார். இல்லை. அறுபதைத் திருத்திவிட்டு ஒன்றைக் கிடக்கட்டும் என்று விடுவதற்கு அவருடைய தொழில் தர்மம் இடம் கொடுக்கவில்லை. அதோடு, சாவிக்கொத்து மனைவியின் இடுப்பை விட்டு இறங்கவுமில்லை.

சனிக்கிழமை காலை, தோல்வியை ஒப்புக்கொள்ளும் தளபதிபோல் நோட்டை மேசைமேல் வைத்தார்.

“ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“கத்தக் கூடாது.”

“நான் எப்போ கத்தியிருக்கேன்?”

உண்மைதான். அதுதான் பயமே. அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளை மையைச் சொன்னார். கையெழுத்தைக் காப்பியடித்ததைச் சொன்னார். “உன் மூணு வருஷப் பாட்டை உப்பில்லாத பண்டமா ஆக்கிட்டேம்மா. அறுபது இடம் இதுல இருக்கு. ஒண்ணு மட்டும் எங்க தேடியும் அகப்படலை. சாவியைக் கொடு, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணிடறேன். அந்த ஒண்ணை நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

மனைவி நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தாள். விடைத்தாள் திருத்துகிற கண்.

“அறுபதும் சரியா இருக்கு. எட்டாவது பாடம் போயிடலாம்.”

“விளையாடாதே. அலமாரியில நாற்பது பிரதி இருக்கு.”

“இருக்கு. நான் எழுதினபடியே இருக்கு.”

“எப்படி?”

“உங்களுக்கு வச்சது நகல். மூலத்தைப் போன சனிக்கிழமையே உங்க மேலாளர்கிட்ட கொடுத்துட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு பாட்டுத் தாள் கொண்டுவருவார், வாங்கி என்கிட்ட அனுப்பிடுங்கன்னு சொல்லியிருந்தேன்.”

சிவப்பு மைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். பாட்டு பிழைத்தது. கோபம்கூட வரவில்லை. கூட்டு மாறி நெடுநேரமாய் நின்றுகொண்டிருந்த ம ஒன்று ஒருவழியாக க-வில் இறங்கிய சுகம்.

“அப்போ அந்த அறுபத்தொண்ணாவது?”

“அது நிஜமாவே என் தப்பு. ரெண்டாவது சரணத்துல, கீழ்க்குரல் பெண்களுக்குத் த எழுத வேண்டிய இடத்துல நி எழுதிட்டேன். வந்த வழியும் இல்லை, போற வழியும் இல்லை. பாடிக் காட்டும்போது த-ன்னுதான் பாடிக் காட்டினேன், அதான் உங்க காதுக்குச் சிக்கலை. உங்க தாளைப் பார்த்துட்டுத்தான் மாத்தினேன். அறுபது அநியாயம், ஒரு நியாயம்.”

அந்த ஒரு நியாயம் அவர் நெஞ்சை நிமிர்த்தியது. நிமிர்ந்ததும் பழைய புத்தி வந்தது.

“அப்போ ஒண்ணும் பாதகமில்லை. பிரதியும் சரி, பாட்டும் சரி. எனக்கு இனிமே அங்க வேலை இல்லை. சாயங்காலம் முன் வரிசையில உட்கார்ந்து கேட்கிறேன்.”

“முடியாதே.”

“ஏன்? ஆபத்துக்குத்தானே வந்தேன்? நான் ஒண்ணும் குழுவுல சேர்ந்தவன் இல்லையே.”

“யார் எங்க போனாலும் பிடிவாதமா ஒரே இடத்துல நிக்கிற குரல் ஒண்ணு எனக்கு வேணும். இந்த வீட்டை விட்டா அதுக்கு நான் எங்க போவேன்?”

“நான் எழுதிக் கொடுத்தேனா சேர்றேன்னு?”

மனைவி கைப்பையிலிருந்து, அச்சான பாடுவோர் பட்டியலை எடுத்து விரித்தாள். கீழே, நாற்பதாவதாக, அவர் படிக்கிற முறைப்படி முதலாவதாக, அவருடைய சொந்தப் பெயர் பளிச்சென்று இருந்தது.

“உங்க திருத்தம் அறுபத்தொண்ணு இல்லை, அறுபத்திரண்டு,” என்றாள். “முதலெழுத்துக்குப் புள்ளி இல்லைன்னு திருத்தி, ‘அச்சிடலாம்’னு கையெழுத்தும் நீங்களே போட்டிருக்கீங்க.”